படிகமும் அதன் தாங்கியும்

நீங்கள் வானொலிப் பெட்டியின் குமிழைத் திருப்பி ஓர் எண்ணில் நிறுத்துகிறீர்கள். நிலையம் கிடைக்கிறது. நேற்றும் அதே எண்ணில்தான் கிடைத்தது, நாளையும் கிடைக்கும். இதை நாம் சூரியன் கிழக்கே உதிப்பது போன்ற இயல்பான செய்தியாகக் கொண்டுவிட்டோம். ஆனால் மின்னலைகள் தாமாக அத்துணை ஒழுங்குடன் நடப்பவை அல்ல. சற்று வெப்பம் கூடினாலும், மின்னழுத்தம் சற்றே குறைந்தாலும் அவை தம் அதிர்வெண்ணை மாற்றிக்கொள்ளும். மத்திய அலையில் ஒலிபரப்பும் நிலையம் தனக்குக் குறித்த அதிர்வெண்ணிலிருந்து 10 ஹெர்ட்ஸுக்கு மேல் விலகலாகாது என்பது நாடுகள் கூடி வகுத்த விதி. 1,000 கிலோஹெர்ட்ஸில் இயங்கும் நிலையத்துக்கு இது 1,00,000-இல் ஒரு பங்கு. இக்கண்டிப்பான காவலைச் செய்வது எது? விரல் நகம் அளவேயுள்ள ஒரு கல் துண்டு. குவார்ட்ஸ் என்னும் படிகத்திலிருந்து அறுத்தெடுத்த மெல்லிய தகடு அது.

அத்தகட்டைப் பற்றிப் பலர் பேசுவர். அதனைத் தாங்கி நிற்கும் சிறு கருவியைப் பற்றிப் பேசுவோர் சிலரே. இன்று நான் அத்தாங்கியைப் பற்றியே பேச விரும்புகிறேன். அதற்கு என் வாழ்வில் நேர்ந்த ஒரு தவறும் காரணம். அதனைப் பின்னர்ச் சொல்கிறேன்.

முதலில் படிகத்தின் இயல்பைக் காண்போம். 1880-ஆம் ஆண்டில் பிரெஞ்சு நாட்டுச் சகோதரர்களான ழாக் கியூரி, பியர் கியூரி என்னும் இருவர், குவார்ட்ஸ் போன்ற சில படிகங்களை அழுத்தினால் அவற்றின் முகங்களில் மின்னூட்டம் தோன்றுகிறது என்று கண்டனர். மறு ஆண்டிலேயே இதன் மறுதலையும் உண்மை என்று தெளிவாயிற்று. அதாவது, மின்னழுத்தத்தைக் கொடுத்தால் படிகம் சற்றே உருமாறும். மாறி மாறி வரும் மின்னழுத்தத்தைக் கொடுத்தால் படிகம் அதிரும். ஒவ்வொரு தகட்டுக்கும் அதன் பருமனுக்கு ஏற்ற இயற்கை அதிர்வெண் ஒன்று உண்டு. அந்த அதிர்வெண்ணில் மட்டும் அது மிகுந்த ஊக்கத்துடன் அதிர்கிறது. இப்பண்பைக் கொண்டு மின்னலையின் அதிர்வெண்ணைக் கட்டுப்படுத்தலாம் என்று 1921-இல் அமெரிக்கப் பேராசிரியர் வால்டர் கேடி காட்டினார். 1923-இல் ஹார்வர்டு பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஜார்ஜ் வாஷிங்டன் பியர்ஸ் அதற்கு எளிய மின்சுற்றை வகுத்தார். இத்தகைய சுற்றையே படிக அலையியற்றி என்கிறோம்.

இனித் தாங்கி ஏன் வேண்டும் என்று கேட்போம். கோயில் மணியைக் கையால் இறுகப் பற்றிக்கொண்டு அடித்துப் பாருங்கள். ஓசை எழுமா? எழாது. பற்றாமல் விட்டாலோ மணி கீழே விழும். படிகத்தின் நிலையும் அதுவே. அதனை இறுக்கினால் அதிர்வு மாயும். தளர விட்டால் இடம் பெயரும், அதிர்வெண்ணும் அலையும். ஆகவே, அதிர்வுக்குத் தடை செய்யாமல் இருக்கவும் வேண்டும். அசையாமல் நிறுத்தவும் வேண்டும். இவ்விரண்டும் ஒன்றுக்கொன்று முரணானவை என்பதை எண்ணிப் பாருங்கள்.

மூன்றாவதாக ஒரு தேவையும் உண்டு. அதிர்வெண்ணைத் துல்லியமாகத் திருத்தும் வசதி வேண்டும். ஏ.டி. வெட்டு எனப்படும் முறையில் அறுத்த தகடு 1,000 கிலோஹெர்ட்ஸில் அதிர வேண்டுமானால் அதன் பருமன் ஏறத்தாழ 1.66 மில்லிமீட்டர் இருத்தல் வேண்டும். 10 ஹெர்ட்ஸ் பிழைக்குள் அதனைக் கொணர வேண்டுமானால், பருமனில் 1,00,000-இல் ஒரு பங்கு, அதாவது 0.0000166 மில்லிமீட்டர் வரை சரியாகத் தேய்த்தாக வேண்டும். எந்தக் கைக்கு அது எளிதாகும்? மேலும், சற்று அதிகமாகத் தேய்த்துவிட்டால், தேய்த்த கல்லை மீண்டும் ஒட்டவைக்க முடியாது. ஆகையால் தகட்டை அண்மை அளவுக்குத் தேய்த்துவிட்டு, எஞ்சிய சிறு திருத்தத்தைத் தாங்கியிடம் ஒப்படைத்தனர் முன்னோர்.

தம்பூராவை எண்ணிக்கொள்ளுங்கள். பிருடையைத் திருகிச் சுருதியை அண்மைக்குக் கொணர்கிறோம். பின்னர்த் தந்தியின் அடியில் கோத்த சிறு மணியை மெல்ல நகர்த்தி நுண்மையாகச் சேர்க்கிறோம். தகட்டைத் தேய்ப்பது பிருடையைத் திருகுவதை ஒக்கும். தாங்கியில் செய்யும் திருத்தமோ மணியை நகர்த்துவதை ஒக்கும்.

அத்தாங்கியின் அமைப்பு இது. அடியில் கண்ணாடி போல் சமமாக்கிய உலோகத் தட்டு ஒன்று. அதன்மேல் படிகத் தகடு கிடக்கும். தகடு வழுக்கி ஓடாதபடி சுற்றிலும் மின்கடத்தாப் பொருளால் ஆன வளையம் ஒன்று உண்டு. மேலே இன்னோர் உலோகத் தட்டு; அது படிகத்தைத் தொடாது. இடையில் மெல்லிய காற்றிடைவெளி இருக்கும். மேல் தட்டை நுண்புரித் திருகாணி ஒன்று ஏற்றவும் இறக்கவும் செய்யும். 1930-களில் அமெரிக்காவின் ஈரி நகரத்துப் பிளைலி நிறுவனம் இவ்வகைத் தாங்கிகளை அமைத்து, தாமே வானொலி நிலையம் அமைத்துப் பேசும் ஆர்வலர்களுக்கு விற்றது.

இடைவெளி மாறினால் அதிர்வெண் ஏன் மாறுகிறது? இரு உலோகப் பரப்புகளுக்கு இடையே காற்று இருந்தால் அது ஒரு மின்தேக்கி அல்லவா? காற்றிடைவெளியும் படிகத்தோடு தொடராக இணைந்த சிறு மின்தேக்கியாகிறது. இடைவெளி பெருகினால் மின்தேக்குதிறன் குறையும்; அதிர்வெண் சற்றே உயரும். இடைவெளி சுருங்கினால் அதிர்வெண் தாழும்.

எவ்வளவு மாறும் என்று கணக்கிட்டுப் பார்க்கலாம். 25 மில்லிமீட்டர் சதுரமான 1,000 கிலோஹெர்ட்ஸ் தகட்டை எடுத்துக்கொள்வோம். இடைவெளி 0.1 மில்லிமீட்டர் என்க. அந்நிலையில் திருகாணி 0.01 மில்லிமீட்டர் நகர்ந்தால் அதிர்வெண் ஏறத்தாழ 30 ஹெர்ட்ஸ் மாறும். நீங்கள் ஆய்வுக்கூடத்தில் பயன்படுத்தும் திருகு அளவியின் மீச்சிற்றளவே 0.01 மில்லிமீட்டர்தான். நமக்கு வேண்டிய 10 ஹெர்ட்ஸுக்கோ அதன் மூன்றில் ஒரு பங்கு நுண்மை தேவை. எனவே திருகாணியின் தலைவட்டைப் பெரிதாக்கி நுண்ணிய பிரிவுகள் இட வேண்டும். திசை மாற்றித் திருகும்போது புரிகளுக்கு இடையேயுள்ள தளர்ச்சியால் ஏற்படும் வெற்று நகர்வை ஒழிக்க, தட்டை எப்போதும் ஒரே பக்கம் தள்ளும் சுருள்வில் ஒன்றை வைக்க வேண்டும். மேல் தட்டு சாயாமல், கீழ்த் தட்டுக்கு இணையாகவே இறங்க வேண்டும்.

அத்துடன் தொல்லை தீர்ந்ததா? இல்லை. வெப்பம் இருக்கிறதே! 10 மில்லிமீட்டர் நீளமுள்ள பித்தளைத் துண்டு, வெப்பம் 10 பாகை செல்சியஸ் உயர்ந்தால் 0.0019 மில்லிமீட்டர் நீளும். மேற்சொன்ன கணக்கின்படி அது ஒன்றே 6 ஹெர்ட்ஸ் அளவுக்குப் பிழையை உண்டாக்கிவிடும். அனுமதித்த பிழையில் பாதிக்கு மேல் பித்தளையே உண்டுவிட்டது! ஆதலால் தாங்கியின் தூண்களும் திருகாணியும் ஒன்றன் நீட்சியை மற்றொன்று ஈடு செய்யும்படி அமைப்பது நல்ல முறை. அல்லது மிகக் குறைவாக விரிவடையும் இன்வார் என்னும் எஃகு நிக்கல் கலப்பைக் கொள்ளலாம். படிகமும் வெப்பத்துக்கு மசியக்கூடியதே. எக்ஸ் வெட்டுத் தகட்டின் அதிர்வெண் ஒவ்வொரு பாகைக்கும் பத்து இலட்சத்தில் 20 பங்குக்குக் குறையாமல் தாழும். ஏ.டி. வெட்டு 1934-இல் வெளியான பின்னரே அக்குறை பெரிதும் நீங்கியது. இவற்றுக்கு மேல், ஒரு தூசி தகட்டின்மேல் அமர்ந்தாலும் அதிர்வெண் மாறும். ஆகவே தாங்கியை மூடியும் வைக்க வேண்டும்.

இப்பொழுது என் தவற்றைச் சொல்கிறேன். 1988-ஆம் ஆண்டில் நான் ஓர் உயர்நிலைப் பள்ளியில் அறிவியல் ஆசிரியனாக இருந்தேன். பத்தாம் வகுப்பு மாணவன் ஒருவன் பழைய கருவிகள் விற்கும் கடையிலிருந்து ஒரு குவார்ட்ஸ் தகட்டை வாங்கி வந்தான். எக்ஸ் வெட்டுத் தகடு, 1,000 கிலோஹெர்ட்ஸ். பித்தளைத் தட்டு இரண்டும் திருகு அளவியின் திருகாணியும் கொண்டு அவனே ஒரு தாங்கி அமைத்தான். அறிவியல் கண்காட்சிக்கு வைப்பதாகத் திட்டம். ஆனால் திருகாணியை மெல்ல உயர்த்திக்கொண்டே போகையில், சில இடங்களில் மட்டும் மின்னோட்டமானியின் முள் சட்டென்று மாறி அலைவு நின்றுவிடும். இன்னும் சற்று உயர்த்தினால் மீண்டும் அலைவு தொடங்கும். அவன் அந்த இடங்களைக் குறிப்பேட்டில் எழுதி வைத்திருந்தான்: 0.17, 0.35, 0.52 மில்லிமீட்டர்.

நான் அதனைப் பார்த்தேன். “தம்பி, உன் திருகாணி கோணலாக இறங்குகிறது. பழுதான பொருளைக் கண்காட்சியில் வைக்கலாகாது” என்று சொல்லிவிட்டேன். அவன் ஒன்றும் சொல்லவில்லை. கருவியைப் பிரித்து எடுத்துக்கொண்டு போனான். குறிப்பேடு மட்டும் ஆய்வுக்கூடத்து அலமாரியில் தங்கிவிட்டது.

ஐந்து ஆண்டுகள் கழிந்தபின் ஒரு பழைய ஆங்கில நூலில், மேலே சொன்ன பியர்ஸ் 1925-இல் செய்த சோதனையைப் படித்தேன். அதிரும் படிகம் தன்முன் உள்ள காற்றையும் அதிரச் செய்கிறது. நம் செவிக்கு எட்டாத மீயொலி அது. எதிரே ஒரு தட்டு இருந்தால் ஒலி அதில் பட்டுத் திரும்புகிறது. இடைவெளி அரை அலைநீளத்தின் முழு மடங்காக இருக்கும்போது காற்றில் நிலை அலை வலுவாக எழுந்து, படிகத்தின் ஆற்றலை உறிஞ்சிவிடும். அந்த இடைவெளிகளை அளந்தே பியர்ஸ் காற்றில் ஒலியின் திசைவேகத்தைக் கணித்தார்.

நான் உடனே அலமாரியைத் திறந்தேன். 0.17, 0.35, 0.52: ஒவ்வொன்றுக்கும் இடையே ஏறத்தாழ 0.175 மில்லிமீட்டர். அது அரை அலைநீளம். முழு அலைநீளம் 0.35 மில்லிமீட்டர். வினாடிக்கு 10,00,000 அதிர்வுகளால் பெருக்கினால் 350 மீட்டர். நம் ஊர் வெப்பநிலையில் காற்றில் ஒலியின் திசைவேகம் அதுவே! ஒரு பள்ளி மாணவன் பித்தளைத் துண்டுகளைக் கொண்டு ஒலியின் வேகத்தை அளந்துவிட்டான். அதனை நான் கோணல் திருகாணி என்று தள்ளிவிட்டேன்.

அவனுடைய முகவரியைத் தேடிப் பிடித்து, என் பிழையை ஒப்புக்கொண்டு கடிதம் எழுதினேன். மறுமொழி வந்தது. “ஐயா, மூன்று எண்களும் சம இடைவெளியில் இருப்பதைக் கண்டபோதே அது திருகாணியின் குறை அன்று என்று எனக்குத் தோன்றியது. தங்களிடம் சொல்ல அஞ்சினேன்” என்று எழுதியிருந்தான். அளவை தவறியதைக் காட்டிலும், அந்த அச்சத்தை நான் உண்டாக்கியிருந்தேன் என்பதே என்னை வருத்தியது. அதன்பின் நான் பணி ஓய்வு பெறும் வரை, மாணவன் காட்டும் எந்தக் கருவியையும் பழுது என்று சொல்லும் முன் அவன் குறிப்பேட்டைக் கேட்டு வாங்கிப் பார்ப்பதை வழக்கமாக்கிக்கொண்டேன்.

பிற்காலத்தில் திருகாணித் தாங்கி பெரும்பாலும் மறைந்தது. தகட்டின் முகங்களிலேயே உலோகப் படலத்தைப் படிய வைத்து, மெல்லிய கம்பிகளால் தாங்கி, காற்றை நீக்கி மூடினர். திருத்தும் வேலையைப் படிகத்துக்கு வெளியே வைத்த சிறிய மாறு மின்தேக்கி ஏற்றுக்கொண்டது. 1969-ஆம் ஆண்டு டிசம்பரில் ஜப்பானியர் விற்பனைக்குக் கொணர்ந்த முதல் குவார்ட்ஸ் கைக்கடிகாரத்துக்குப் பின், அக்கல் கோடிக்கணக்கானோரின் மணிக்கட்டில் ஏறிவிட்டது. இன்றைய கடிகாரங்களில் அஃது இசைக்கவையின் வடிவில், வினாடிக்கு 32,768 முறை அதிர்கிறது.

ஆயினும் பழைய கருத்து முற்றும் மாயவில்லை. 1970-களில் பிரான்சு நாட்டின் பெசான்சோன் நகரத்தில் ரேமோன் பெசோன் என்பவர், படிகத்தின் மேல் உலோகம் படிவதே அதன் நிலைப்பாட்டைக் கெடுக்கிறது என்று கருதி, மின்வாய்களைச் சில மைக்ரோமீட்டர் இடைவெளியில் தொடாமல் நிறுத்தினார். மிகத் துல்லியமான அலையியற்றிகள் சில அம்முறையில் அமைந்தன. தொடாமல் நிறுத்தும் இடைவெளி மீண்டும் வந்தது!

மாணவ நண்பர்களே, உங்கள் சோதனையில் முள் எதிர்பாராத இடத்தில் நின்றால், கருவியைப் பிரித்துவிடாதீர்கள். முதலில் அந்த இடத்தின் அளவைக் குறித்துக்கொள்ளுங்கள். இரண்டாம் முறையும் குறியுங்கள். மூன்றாம் முறையும் குறியுங்கள். பின்னர் அக்குறிப்பேட்டுடன் ஆசிரியரிடம் சென்று, அஞ்சாமல் உங்கள் ஐயத்தைச் சொல்லுங்கள். ஆசிரியர் “பழுது” என்று சொன்னாலும், எண்களை ஒருமுறை பார்க்குமாறு பணிவுடன் கேளுங்கள்.