ஒரே விருந்தினர், இரு கரைகள்
(நமது சங்கக் கூட்டத்தில் நிகழ்த்திய சொற்பொழிவு)



ஒல்லாந்தக் கம்பெனியார் 1609-இல் ஜப்பானின் ஹிராடோத் துறையில் வாணிகச்சாலை அமைத்தனர். 1610-இல் விஜயநகர வேந்தரிடம் உடன்படிக்கை பெற்று, 1613-இல் நம் பழவேற்காட்டில் ஜெல்திரியாக் கோட்டையை நிறுவினர். இரு கரைக்கும் விருந்தினர் ஒருவரே.

ஜப்பானியர் 1641 முதல் அவர்களை நாகசாகியின் தேஜிமாத் தீவினுள் அடக்கிவைத்தனர். ஆயினும் அவர் மொழியைக் கற்று, 1774-இல் உடற்கூற்று நூலொன்றைப் பெயர்த்தெழுதினர். ஆதலின் 1853-இல் பெர்ரியின் போர்க்கப்பல்கள் வந்தபோது, மேனாட்டுக் கலைகளை ஓரளவு உணர்ந்தோர் அங்கிருந்தனர். 1868-இல் மெய்ஜி ஆட்சி மலர்ந்தது. 1872-இல் கல்விச் சட்டமும், 1889-இல் அரசியற் சட்டமும் பிறந்தன.

நம் கரையினின்று துணி கப்பலேறிற்று. மாந்தரும் அடிமைகளாய் ஏற்றப்பட்டனர். 1825-இல் ஊர் ஆங்கிலேயர் கைப்பட்டது. எஞ்சியவை கல்லறைகளும் கோட்டையின் இடிபாடுகளுமே.

அவர்க்குத் தம் அரசு இருந்தது, நமக்கு இல்லை என்பீர். மெய்யே. அவ்வரசு பின்னர் அயல்நாடுகளைக் கவர்ந்து பழிகொண்டதும் மெய்யே. அதனை நாம் பின்பற்ற வேண்டா. கொள்ளத்தக்கது கல்வியே.

ஏரியில் இன்று இன்னார்க்கு வலையென்று பாடு வகுத்து, அம்முறை வழுவாது வாழும் நமக்கு, பிள்ளைகளின் படிப்பிற்கு ஒரு முறை வகுத்தல் அரிதோ? வலை சுமக்கும் சிறுவனும், மீன்கூடை சுமக்கும் சிறுமியும் முதற்கண் ஏடு சுமக்க. இதனை ஊர்தோறும் பஞ்சாயத்தார் இவ்வாண்டே தீர்மானிப்பாராக!