எண்பது ஆண்டுகள் பேசாதிருந்த மனிதர்

(ஜமாஅத்தின் ஆண்டுப் பொதுக்கூட்டத்தில், மஹல்லாவின் முதியோர்களைக் கௌரவித்த அமர்வில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

 

முதியோரைக் கண்ணியப்படுத்தும் இம்மேடையில், ஒரு மனிதரின் நெடிய வாழ்வை உங்கள் முன் வைக்க விரும்புகிறோம். அவர் நம் நாட்டவரும் அல்லர். நம் சமுதாயத்தவரும் அல்லர். ஆயினும் அவருடைய வாழ்வில் நம் ஒவ்வொரு வீட்டுக்கும் ஒரு செய்தி இருக்கிறது.

அவர் பெயர் ஹாரி பேட்ச். இங்கிலாந்தின் பாத் நகரை அடுத்த கூம் டவுன் என்னும் சிற்றூரில், 1898 ஜூன் 17 அன்று, ஒரு கல் தச்சரின் மகனாகப் பிறந்தார். பதினைந்து வயதில் பள்ளியை விட்டுப் பிளம்பர் வேலை பழகச் சென்றார். முதல் உலகப்போர் மூண்டிருந்த காலம் அது. 1916இல் கட்டாய இராணுவச் சேவைக்கு அழைக்கப்பட்டார். அவராக விரும்பிப் போருக்குச் சென்றவர் அல்லர் என்பதை நாம் கவனிக்க வேண்டும்.

1917ஆம் ஆண்டு, பத்தொன்பது வயதில், போர்முனைக்கு அனுப்பப்பட்டார். பெல்ஜியத்தில் பாஷன்டேல் என்று வரலாற்றில் பெயர் பெற்ற போர் அது. இடைவிடாத மழையில் நிலமெல்லாம் சேறாகி, மனிதரும் குதிரைகளும் அதில் மூழ்கி மடிந்த களம். அங்கே ஓர் இயந்திரத் துப்பாக்கியை இயக்கும் ஐவர் குழுவில் அவர் ஒருவர். அந்த ஐவரும் தமக்குள் ஓர் உடன்பாடு செய்துகொண்டனர்: இயன்றவரை எதிரியின் உயிரைப் போக்குவதில்லை, கால்களை நோக்கியே சுடுவது. துப்பாக்கிமுனைக் கத்தியோடு தம்மை நோக்கி ஓடிவந்த ஒரு ஜெர்மானியரையும் அவர் தோளிலும் காலிலும் சுட்டு வீழ்த்தினாரேயன்றிக் கொல்லவில்லை.

ஒருநாள் முன்னேறிச் செல்லும் வழியில், உடல் கிழிந்து கிடந்த தம் நாட்டு வீரர் ஒருவரை அவர் கண்டார். வேதனை தாளாமல் தம்மைச் சுட்டுவிடும்படி மன்றாடிய அவ்வீரர், எவரும் எதுவும் செய்வதற்கு முன்பே, தம் தாயை ஒருமுறை விளித்துவிட்டு உயிர் நீத்தார். அச்சொல்லில் அச்சம் இல்லை. தாயைக் கண்டுவிட்டவரின் குரலாகவே அது ஒலித்தது என்று பிற்காலத்தில் ஹாரி பேட்ச் நினைவுகூர்ந்தார்.

அதே ஆண்டு செப்டம்பர் 22ஆம் நாள் இரவு, அவர்கள் தலைக்கு மேல் ஒரு பீரங்கிக் குண்டு வெடித்தது. ஐவரில் மூவர் மாண்டனர். ஹாரி பேட்சின் உடலிலும் குண்டுச் சிதறல் பாய்ந்தது. மயக்க மருந்து தீர்ந்துவிட்டிருந்ததால், நான்கு பேர் பிடித்துக்கொள்ள, நினைவோடிருக்கும்போதே அதை மருத்துவர் அறுத்தெடுத்தார். அத்துடன் அவருடைய போர்க்களம் முடிந்தது.

தாயகம் திரும்பி உடல் தேறிவந்த காலத்தில் சந்தித்த ஏடா என்னும் பெண்ணைப் பின்னர் மணந்தார். இரண்டு ஆண்மக்கள் பிறந்தனர். மீண்டும் பிளம்பர் தொழிலுக்கே சென்றார். பிரிஸ்டல் நகரில் இன்றும் உயர்ந்து நிற்கும் வில்ஸ் நினைவுக் கட்டடத்தில் அவருடைய உழைப்பும் உண்டு. இரண்டாம் உலகப்போரின்போது, 1942இல் பாத் நகர்மீது குண்டுகள் விழுந்தபோது, பகுதிநேரத் தீயணைப்பு வீரராகப் பணியாற்றினார். 1963இல் ஓய்வு பெற்றார். வெளிப்பார்வைக்கு அமைதியான ஒரு குடும்பஸ்தரின் வாழ்க்கை.

ஆனால் அன்பானவர்களே, அந்த மூன்று நண்பர்களைப் பற்றி அவர் வீட்டில் வாய் திறக்கவே இல்லை. நெடுங்காலம் உடன் வாழ்ந்த மனைவியிடமும் சொல்லவில்லை. 1976இல் ஏடா மறைந்தார். தம் கணவர் நெஞ்சில் சுமந்தது என்னவென்று அறியாமலேயே மறைந்தார்.

பேசாததால் அவர் மறந்துவிட்டார் என்று பொருள் அன்று. முதியோர் இல்லத்தில் வாழ்ந்தபோது, எதிரே இருந்த துணி அறையின் விளக்கைப் பணியாளர் இரவில் போட்டால், அரைத் தூக்கத்தில் அந்த வெளிச்சம் அவருக்குக் குண்டு வெடிப்பதுபோல் தோன்றியது. எண்பது ஆண்டுகளுக்கு முந்திய குண்டு!

1998இல், நூறு வயதில், ஒரு தொலைக்காட்சிக்காகச் சிலர் வந்து கேட்டார்கள். அப்போதுதான் முதன்முதலாகப் பேசினார். தம்முடன் போரிட்டவர்களில் மிகச் சிலரே எஞ்சியிருந்ததை உணர்ந்து பேசினார். 2004இல் பெல்ஜியம் சென்று, ஜெர்மானியப் படையில் போரிட்ட 107 வயது சார்ல் குவென்ஸ் என்பவரின் கரம் பற்றினார். ஒரு காலத்தில் எதிரெதிர் அணியில் நின்ற இருவர் அருகருகே அமர்ந்து, போர் வீண் என்பதில் ஒன்றுபட்டனர். நாடெங்கும் நவம்பர் 11 அன்று நினைவு நாள் கொண்டாடப்பட்டாலும், செப்டம்பர் 22ஆம் நாளே தமக்குரிய நினைவு நாள் என்றார்.

மக்கள் இருவரும் அவருக்கு முன்பே மறைந்தனர். 2009 ஜூலை 25 அன்று, வெல்ஸ் என்னும் சிறுநகரில், 111 வயதில் அவர் காலமானார். பிரிட்டிஷ் படையில் பதுங்கு குழிகளில் போரிட்டவர்களுள் கடைசியாக வாழ்ந்தவர் அவரே. அவருடைய விருப்பப்படி, இறுதி ஊர்வலத்தில் சடங்குக்காகக்கூட ஆயுதம் எதுவும் இடம்பெறவில்லை. பெல்ஜியம், பிரான்ஸ், ஜெர்மனி நாட்டு வீரர்களும் பேழையுடன் நடந்து வந்தனர்.

அந்தப் போருக்கு இந்தியாவிலிருந்தும் பத்து லட்சத்துக்கும் அதிகமானோர் கடல் கடந்து சென்றனர். அவர்களில் எத்தனை பேரிடம் ஒருவரேனும் அருகில் அமர்ந்து கேட்டிருப்பர்?

நம் முதியோர்கள் எல்லோரும் போருக்குச் சென்றவர்கள் அல்லர். ஆயினும் கடல் கடந்து பிழைத்தவர், பஞ்சம் கண்டவர், பெற்ற பிள்ளையை மண்ணில் வைத்தவர் இவர்களிலும் உண்டு. இவர்களில் பலருடைய மௌனத்தைக் கோபம் என்று நாம் தவறாக எண்ணியிருக்கிறோம். ஒருவர் மரணித்த பிறகு, நல்லடக்கம் முடிந்து திரும்பும் வழியில்தான், அவரைப் பற்றி நாம் ஒருவரையொருவர் விசாரிக்கிறோம். இக்குறையில் நமக்கும் பங்கு உண்டு.

ஆகவே இளைஞர்களே! இன்றிரவு பொன்னாடையை மடித்து அலமாரியில் வைத்துவிட்டு, உங்கள் வாப்பாவின் அருகில், உங்கள் பாட்டனாரின் அருகில் சற்றே அமருங்கள். வற்புறுத்தாதீர்கள். அவர்கள் பேசினால் கேளுங்கள். பேசாவிட்டால் மறுநாளும் அமருங்கள். பெரியோர்களே! நீங்களும் நூறு வயது வரை காத்திருக்க வேண்டாம். கேட்க வேண்டியவர்கள் வீட்டில் இருக்கும்போதே சொல்லிவிடுங்கள்.