ஐந்தாவது கம்பி

சின்ன காஞ்சிபுரத்தில் தறிச்சத்தம் கேட்டு வளர்ந்த பிள்ளைகளும் கிடார் பிடிக்கிற காலம் இது. இரண்டு பேர் சேர்ந்தால் போதும், எந்தக் கம்பி, எந்த பிக்கப் என்றுதான் பேச்சு.

கர்நாடக இசைக் கலைஞர் மாண்டலின் ஸ்ரீநிவாஸும் அதே கேள்வியில்தான் தொடங்கினார். மேல்நாட்டு மாண்டலினில் நான்கு ஜோடி, மொத்தம் எட்டுக் கம்பி. ஜோடியாகக் கம்பியை இழுத்துக் கமகம், அதாவது ஸ்வரத்தின் அசைவு, கொண்டுவருவது பெரும்பாடு. அவர் ஒற்றைக் கம்பிகளாக்கினார், ஐந்தாவதாக ஒன்றைச் சேர்த்தார், மின்சார மாண்டலினாக்கினார். 1983இல் பெர்லின் ஜாஸ் விழாவில் வாசித்தபோது அவர் மீசை அரும்பாத சிறுவன்!

கிடாரில் கமகம் பிடிக்க ஆசையா? மெல்லிய கம்பி மாட்டுங்கள், இழுக்கச் சுலபம். நாதம் கொஞ்சம் மெலியும், பரவாயில்லை. வாசித்ததும் வியர்வையைத் துடைத்துவிடுங்கள், இல்லையென்றால் துரு ஏறும்.

கமகம் கைக்கு வந்தால் அடுத்தது தாளம். அந்தக் காலப் பாடகர் காஞ்சிபுரம் நாயனா பிள்ளை கச்சேரியில் மிருதங்கம், கஞ்சிரா, கடம், கொன்னக்கோல் என்று மேடையே நிறைந்துவிடும்; 'ஃபுல் பெஞ்ச்' என்றே அதற்குப் பேர். அவர் ஊர்க்காரர்களுக்குத் தாளம் சொல்லித்தரவா வேண்டும்?

இன்றிரவு ஸ்ரீநிவாஸ் கச்சேரி ஒன்றைப் போட்டு, விளக்கை அணைத்துவிட்டுக் கேளுங்கள்.