அடையாறும் ஆழ்சுரங்கமும்



செம்பரம்பாக்கம் ஏரியின் உபரி நீர் சிறுகளத்தூரையும் குன்றத்தூரையும் உங்கள் திருமுடிவாக்கத்தையும் தொட்டுக்கொண்டு திருநீர்மலையருகே அடையாற்றில் கலக்கிறது. 2015 டிசம்பரில் அப்பிரவாகம் எத்துணை உக்கிரமாக வந்ததென்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. ஆயினும் இன்று நான் பேச எடுத்துக்கொண்டது வெள்ளத்தைப் பற்றியன்று. மேகத்தின் நிழல்கூட விழாத சித்திரை மாதத்திலும் அனகாபுத்தூர்ப் பக்கம் ஆற்றில் கறுத்துத் தேங்குகின்றதே, அந்த நீரைப் பற்றி.

லண்டனைப் போல ஒரு சுரங்கம் கட்டி இவ்வாற்றை மீட்கலாமே என்று படித்த அன்பர்கள் கேட்கின்றனர். அங்கே நிகழ்ந்தது யாது? 1858-ஆம் ஆண்டுக் கோடையில் தேம்ஸ் நதியின் துர்நாற்றம் பார்லிமெண்டையே திணறடித்த பின்னர், பேஸல்ஜெட் என்னும் பொறியாளர் நிர்மாணித்த பாதாளச் சாக்கடை, வீட்டுக் கழிவையும் மழைநீரையும் ஒரே குழாயில் சுமந்தது. ஜனத்தொகை பெருகப் பெருக, சாதாரண மழைக்கே அது நிரம்பி, மிகுதியை நதியில் கொட்டிற்று. அம்மிகுதியை ஏந்திக்கொள்ளவே 25 கிலோமீட்டர் நீளமும் 7 மீட்டருக்கு மேற்பட்ட விட்டமும் உடைய சுரங்கத்தைக் குடைந்து, 2025 பிப்ரவரியில் இணைப்புகளை முடித்தனர்.

நம் வியாதி வேறு. மழைநீர் வடிகால் தனி, பாதாளச் சாக்கடை தனி என்பதே சென்னையின் ஏற்பாடு. ஆனால் சாக்கடைக் குழாய் எட்டாத தெருக்களின் செப்டிக் டேங்க் கசிவும், எட்டியும் இணைப்புப் பெறாத வீடுகளின் கழிவும் வடிகாலிலே விடப்படுவதால், மழைக்கென வெட்டிய வாய்க்கால் ஆண்டு முழுதும் அசுத்தத்தைச் சுமக்கின்றது. மழைநாளில் பொங்குவதை ஏந்தும் பாத்திரம், தினந்தோறும் ஒழுகுவதற்கு மருந்தாகுமா?

தமிழர் பலர் குடியேறி வாழும் சிங்கப்பூரே நமக்கு அண்மையான பாடம். அங்கே கழிவுநீருக்கும் மழைநீருக்கும் வெவ்வேறு வழிகள் அமைத்து, கட்டடங்களைச் சாக்கடைக் குழாயோடு இணைத்த பிறகே, கிராஞ்சியிலிருந்து சாங்கி வரை 48 கிலோமீட்டர் ஆழ்சுரங்கத்தை 2008-இல் நிறைவேற்றினார்கள். அது மிகுதியைத் தேக்குவதற்கன்று. சரிவின் பலத்தாலேயே கழிவு ஓடி, வழியிடை உந்து நிலையங்கள் வேண்டாமற் போவதற்கு. இங்கேயோ, உந்து நிலையத்து மோட்டார் நின்றால் கழிவு பின்வாங்கித் தெருவிலே பொங்குகின்றது. சரிவு போதாமல் குழாய் அடைத்தாலோ, 2013-ஆம் ஆண்டுச் சட்டம் தடுத்த பின்னரும், ஓர் ஏழை மனிதனைக் குழிக்குள் இறக்கும் கொடுமை இன்னும் ஓயவில்லை. அந்த மனிதனை நினைத்தே சரிவின் விசேஷத்தை இவ்வளவு வற்புறுத்துகின்றேன்.

சுரங்கம் குடையும் திறமை நமக்கில்லாமல் இல்லை. மெட்ரோ ரயிலுக்காகக் கூவத்தின் அடியில் வழி கண்ட பட்டணம் இது. தனித்தனியே கிடந்த பம்மலும் அனகாபுத்தூரும் திருநீர்மலையும் 2021-இல் தாம்பரம் மாநகராட்சிக்குள் ஒன்றானதும் நல்ல சந்தர்ப்பமே. ஆனால் சிங்கப்பூரைப் போல முதலில் வீட்டு இணைப்புகள் முடிய வேண்டும். ஆகையால் என் வேண்டுகோள் இது: வருகிற சித்திரையில், மழை பெய்து பல நாள் கழிந்தபின், ஆற்றோரமாக நடந்து, ஓடிக்கொண்டிருக்கும் வடிகால் வாய் ஒவ்வொன்றையும் எண்ணுங்கள், அப்பொழுது அங்கே ஓடுவது பெரும்பாலும் சாக்கடையாகவே இருக்கும். பிறகு அந்த வாயிலிருந்து மேல்நோக்கி, தெருத் தெருவாக, எந்த வீட்டுக் குழாயில் அது தொடங்குகிறதென்று பாருங்கள்.