சீசனுக்கு முன் ஒரு சாலை ஓட்டம்
நீச்சல், சைக்கிள், ஓட்டம் மூன்றும் சேர்ந்த டிரையத்லானில், கடைசி 10 கிலோமீட்டர் ஓட்டம்தான் பல நேரம் பதக்கத்தை முடிவு செய்கிறது. 2024 பாரிஸ் ஒலிம்பிக்கில் அலெக்ஸ் யீ, முன்னால் ஓடிய ஹேடன் வைல்டை இறுதிச் சில நூறு மீட்டரில் முந்தி, 6 விநாடி வித்தியாசத்தில் தங்கம் வென்றார். அந்த வேகத்தைச் சேர்த்துவைக்கப் போட்டியில்லாத மாதங்களில் ஓடும் சாலைப் பந்தயமே நல்ல வழி. தனியே பயிற்சி செய்பவர் மூச்சு முட்டியதும் தளர்ந்துவிடுவார். தோளை உரசிக்கொண்டு இன்னொருவர் ஓடும்போது தளர மனம் வராது.

உதாரணமாக, டிரையத்லான் வீராங்கனை பெத் பாட்டர் 2021 ஏப்ரலில் 5 கிலோமீட்டர் சாலை ஓட்டத்தை 14 நிமிடம் 41 விநாடியில் முடித்தார். 2023இல் டிரையத்லான் உலக சாம்பியன் ஆனார். அவர் ரியோ ஒலிம்பிக்கில் 10,000 மீட்டர் ஓடியவராயிற்றே என்பீர்கள். உண்மைதான், ஆனால் பழைய வேகமும் ஓடாவிட்டால் மங்கிப்போகும். காயம் வராதா? மாரத்தான் என்றால் நானும் தயங்குவேன். 5 கிலோமீட்டர் ஓடி, அந்த வாரம் மற்றப் பயிற்சியைக் குறைத்துக்கொண்டால் கால்கள் சீக்கிரம் தேறிவிடும்.