பழக்கத்தின் காரணம்

எங்கள் இல்லத்தில் இருவருக்கும் பொதுவாய் ஒரு மடிக்கணினி உண்டு. மின்கலம் முற்றும் தீர்ந்து திரை இருண்ட பின்னரே என் மனைவி அதற்கு மின்னேற்றுவாள். அவசரத்தில் நான் திறக்கும்போதெல்லாம் அது உயிரற்றுக் கிடக்கும். இது என்ன விந்தைப் பழக்கம் என்று ஒருநாள் சினந்தேன்.

"பாதியில் ஏற்றினால் மின்கலம் கெட்டுவிடும் என்று அப்பா சொல்லியிருக்கிறாரே" என்றாள்.

மாமனார் சொன்னது பொய்யன்று. அவர் காலத்து நிக்கல்-காட்மியம் மின்கலம், முழுதும் தீராமல் மீண்டும் மீண்டும் ஏற்றப்பட்டால் திறன் குன்றுவதுண்டு. 1991-இல் விற்பனைக்கு வந்த லித்தியம் அயனி மின்கலமோ வேறு இயல்பினது; அடிக்கடி வற்றவிட்டால் அதன் ஆயுள் குறையும்.

இதை நான் பெருமிதத்துடன் விளக்கியபோது அவள் புன்னகைத்தாள். "விரைவில் குளிரட்டும் என்று குளிரூட்டியை 16 டிகிரியில் வைக்கிறீர்களே, அது மட்டும் சரியா?"

நாணினேன். எங்கள் வீட்டில் உள்ளதுபோல ஒரே வேகத்தில் ஓடும் கருவியில், 24-இல் வைத்தாலும் 16-இல் வைத்தாலும் அறை குளிரும் விரைவு ஒன்றே. பின்னதில் இயந்திரம் ஓய்வின்றி ஓடி மின்சாரத்தை விழுங்கும், அவ்வளவே.

இப்போது அவள் முன்னதாகவே மின்னேற்றுகிறாள். நான் 24-க்குக் கீழே இறங்குவதில்லை. பிறர் பழக்கத்தைப் பழிக்குமுன் அதன் காரணத்தைக் கேளுங்கள். கேட்டபின் நம் பழக்கத்தையும் சோதிப்போமாக.