பட்டாளமும் மின்னிலையமும் இல்லறமும்

(நமது சங்கத்தின் ஆண்டு விழாவில் நிகழ்த்திய பிரசங்கம்)



எழுபத்தைந்தைக் கடந்த நம்மைப் பேசும்படி காரியதரிசி பணித்தபொழுது, சொல்வதற்கு நம்மிடம் என்ன விசேஷம் இருக்கிறதென்று தயங்கினோம். பிள்ளைகளைப் பட்டாளத்திற்கு அனுப்பலாமா என்று நம்மவர் பலர் இன்றும் வீடு தேடிவந்து வினவுவதாலேயே இசைந்தோம்.

நமது ஊர் கன்னடியன் கால்வாய்ப் பாசனத்தைச் சேர்ந்தது. காரும் பிசானமும் விளையும் பூமிதான். ஆயினும் தகப்பனாருக்கு இருந்தது ஒன்றரை ஏக்கர், பிள்ளைகளோ ஐவர். 1967ஆம் ஆண்டில், மூத்தவராகிய நாம் வீட்டில் சொல்லாமலே பட்டாளத்தில் சேர்ந்தோம். சோற்றுக்கு வழியற்றவன் போகுமிடமென்று உறவினர் ஏசினர். அதில் பொய்யொன்றுமில்லை.

1943ல் தோன்றிய மின், இயந்திரப் பொறியாளர் படையின் செகந்தராபாத் பயிற்சி நிலையத்தில் எலக்ட்ரீஷியன் தொழில் கற்றோம். எந்த வண்டியிலும் கைவைக்குமுன் பாட்டரியின் இணைப்பைக் கழற்றவேண்டுமென்பது முதற்பாடம். மறந்தவர் விரல் முட்டியில் அவில்தாரின் பிரம்பு விழும்.

1971 டிசம்பர் 3ஆம் தேதி மேற்கெல்லையில் யுத்தம் மூண்டு 17ஆம் தேதி நின்றது. நாம் துப்பாக்கி சுட்டவரல்லர். ஜம்மு பகுதியில், பழுதான வண்டிகளை இரவில் விளக்கின்றித் தடவித் தடவிச் செப்பனிட்டோம். அவ்வாறு அனுப்பியவற்றுள் சில திரும்பவில்லை. ஓட்டிச்சென்ற பிள்ளைகளும் திரும்பவில்லை. இதற்குமேல் அதுபற்றிப் பேச நமக்கு விருப்பமில்லை.

1974ல் தகப்பனார் காலஞ்சென்றார். அப்பொழுது பட்டான்கோட்டில் இருந்தோம். தந்தி வந்தது மறுநாள். டில்லியில் மாறி, சென்னை சென்ட்ரலில் இறங்கி, எழும்பூரில் மீட்டர்கேஜ் ரயிலேறி ஊர் சேர்ந்தபொழுது ஆறாம் நாள். கொள்ளியைத் தம்பி வைத்துவிட்டான். சாம்பலைத் தாமிரபரணி கொண்டுபோய்விட்டது. ஆற்றில் இறங்கி ஒரு முழுக்குப் போட்டதே மூத்தமகன் அன்று செய்த கிரியை.

அதற்கு முந்திய ஆண்டில்தான் நமக்கு விவாகம் நடந்தது. பதினோராண்டு மனைவியார் நம் தாயாரையும் இரு குழந்தைகளையும் வயலையும் தனியே பார்த்தார். முறைத்தண்ணீர் நள்ளிரவில் வரும். லாந்தருடன் மடையில் நிற்பவரும் அவரே. 56 ஏ.பி.ஓ. விலாசத்திற்கு அவர் எழுதிய கடிதங்கள் யாவும் ‘இங்கு அனைவரும் க்ஷேமம்’ என்றே தொடங்கும். மூத்தமகள் டைபாய்டில் கிடந்ததையும், வைத்தியத்திற்கு வளையல்கள் அடகுக்குப் போனதையும், பென்ஷன் பெற்று வந்தபின் பழைய கணக்கு நோட்டைப் புரட்டியே அறிந்தோம். ஏன் எழுதவில்லையென்று கேட்டோம். “அங்கன இருந்துக்கிட்டு நீங்க என்ன செஞ்சிருப்பீய?” என்றார்.

1984ல் பட்டாளத்தை விட்டு வந்து, பின் மின்சார வாரியத்தில் சேர்ந்தோம். நமக்கு வாய்த்தது 1944 முதல் இயங்கிய பாபநாசம் மின்னிலையம். காரையாறு அணையின் நீர் கீழணையில் திரும்பிக் குழாய்வழி இறங்கி, சக்கரங்களைச் சுழற்றிவிட்டு மீண்டும் ஆற்றிலேயே சேரும். அதே நீர்தான் பின் கன்னடியன் கால்வாயில் நம் வயலுக்கு வருவது. மனைவியார் லாந்தருடன் காத்துநின்ற தண்ணீர் எங்கிருந்து வந்ததென்று அங்கே வேலை பார்த்தபொழுதே நமக்கு உறைத்தது. மனிதர் கற்பதற்கு வயது ஒரு கணக்கா?

முழுதும் கற்றோமென்றும் சொல்வதற்கில்லை. 1993ல் மூத்தமகள், நாம் செய்யும் தொழிலையே தானும் படிக்கவேண்டுமென்றாள். மதிப்பெண்ணும் இருந்தது. பெண்பிள்ளை கம்பமேறுவதா என்று மறுத்தோம். மனைவியார் வாழ்நாளில் முதன்முறையாக நம்மோடு வாதாடினார். பாசறையில் உத்தரவு போடுவதுபோல் பேச்சை முடித்தோம். ஊரார் பிள்ளைகள் எத்தனையோ பேருக்கு மோட்டார் சுற்றக் கற்பித்த கை இது.

பட்டாளத்திற்கு அனுப்பலாமா எனில், அனுப்புங்கள், கைத்தொழிலோடு திரும்புவான். ஆனால் வீட்டில் மடை பார்ப்பவர் யாரென்று அவனையே கேளுங்கள்.

இப்பொழுது பேத்தி பொறியியல் படிக்கிறாள். விடுமுறைக்கு வந்தால் நமது பழைய மெக்கரை எடுத்துக் கிணற்று மோட்டாரைச் சோதிப்பாள். அவளுக்கு விளக்குப் பிடித்துக்கொண்டு அருகில் நிற்பவள் நம் மகள். முப்பதாண்டுக்கு மேலாகியும் அவளிடம் நாம் ஒரு வார்த்தை சொன்னதில்லை. இந்தக் கூட்டத்தில் மூன்றாம் வரிசையில் அவள் உட்கார்ந்திருக்கிறாள். அம்மா, அன்று நாம் செய்தது தவறு.